பிள்ளைகளோடு தஞ்சைக்கு

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆட்சி கைவிட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். 1799 உடன்படிக்கைப்படி நாட்டு நிர்வாகமும் வரிவசூலும் கும்பெனிக்குப் போயிருந்தன; மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும்தான். முன்னோர் ஏற்படுத்திய சத்திரங்களின் தருமம் நின்றுவிடக் கூடாது என்பதே அந்தக் கடிதத்தில் அவருடைய கவலை.

சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அவர் தந்த விளக்கம் இன்று படித்தாலும் மனத்தைத் தொடும். வழிப்போக்கர் யார் வந்தாலும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமான்களும். நள்ளிரவுவரை பந்தி நடக்கும். பிறகு மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். மழையில் மாட்டிக்கொண்டவர்கள் மழை விடும்வரை தங்கிச் சாப்பிடலாம். கைக்குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிகளுக்குப் பரிவான கவனிப்பு. நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள். வந்த இடத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சத்திரத்து உபாத்தியாயரிடம் ஒப்படைத்து மூன்று வேளை சோறு, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், கூடவே படிப்பு.

குழந்தைகளோடு ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு என்னென்ன தேவைப்படும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் தஞ்சாவூர் போய்வரலாம் என்று இன்று ஒரு குடும்பம் நினைத்தால், அந்தப் பயணத்துக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டுப் பழக்கம் இருக்கிறது. பெரிய கோயிலின் வரலாறு பாடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. வெளியூர்க் குடும்பங்களை இந்த ஊர் எப்படியெல்லாம் ஏற்றுக்கொண்டது என்ற வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. திட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும்.

மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் பெரும்பாலும் இராமேசுவரம் போகும் பாதையில் இருந்தன. காசியிலிருந்து வரும் யாத்திரிகர் தஞ்சை நாட்டு எல்லைக்குள் கால் வைத்தால், சேதுக்கரை போய்ச் சேரும்வரை ஒரு நாள் நடைக்கு ஒரு கூரையாவது கிடைக்க வேண்டும் என்ற எண்ணம். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம் அப்படி ஒன்று. தஞ்சையிலிருந்து சுமார் 24 கிலோமீட்டரில் ஒரத்தநாட்டில் இருக்கும் முக்தாம்பாள் சத்திரத்தைச் சரபோஜி தம் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் எழுப்பினார். முற்றங்கள், வேலைப்பாடுள்ள மரத்தூண்கள், தேர்போலச் செதுக்கிய பக்கச்சுவர் என்று அதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். அங்கே சோற்றோடு பள்ளிக்கூடமும் நடந்தது. சத்திரங்களின் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளத் தஞ்சை மாவட்ட நிர்வாகத்தில் இன்றும் தனிப் பிரிவு இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் சோறு உண்டு என்று மன்னர் எழுதினார். ஆனால் எல்லோருக்கும் ஒரே பந்தி, ஒரே கூடம் என்று அந்தக் காலம் வைக்கவில்லை. பசிக்கு வேறுபாடு பார்க்காத தருமம், உட்காரும் இடத்துக்கு வேறுபாடு பார்த்தது.

பயணம் என்றால் அன்றைக்கு யாத்திரைதான். மொட்டை, காதுகுத்து, நேர்த்திக்கடன், பெரியவர்களின் திதி என்று ஏதாவது ஒரு கடமை முன்னே போகும். பிள்ளைகள் பின்னே போவார்கள். சரபோஜியே 1820-இல் காசிக்குப் புறப்பட்டபோது குடும்பம், பண்டிதர், வைத்தியர், காவலர் என்று ஏறத்தாழ 3,000 பேர் உடன் சென்றார்கள். 1822-இல்தான் திரும்பினார்கள். இரண்டு ஆண்டுப் பயணம்! இன்று நாம் போடும் இரண்டு நாள் திட்டத்துக்கு முதலில் ரயில் வர வேண்டியிருந்தது.

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரை போட்ட பாதை 1861-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது திருச்சியைத் தொட்டது. துறைமுகத்துக்கு நெல்லும் பருத்தியும் கொண்டுபோகப் போட்ட பாதையில் சனங்கள் ஏறினார்கள். மாட்டுவண்டியில் இரண்டு மூன்று நாள் பிடித்த வழி சில மணி நேரமானது. வழியில் இரவு தங்கவேண்டிய தேவை போனது; அதோடு பல சத்திரங்களின் அவசியமும் போனது. ரயில் நிலையத்தை ஒட்டிப் புதிய சத்திரங்களும் விடுதிகளும் முளைத்தன.

1900-இல் தென்னிந்திய ரயில்வே படங்களோடு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஒவ்வொரு ஊருக்கும் தங்குமிடம் எது, நிலையத்தில் ஜட்காவும் மாட்டுவண்டியும் கிடைக்குமா, உள்ளூரில் என்ன பொருள் செய்கிறார்கள், எந்த மாதம் எந்தத் திருவிழா, பார்க்க வேண்டியவை எவை என்று தலைப்புப் போட்டுச் சொல்லும் புத்தகம் அது. வெள்ளைக்காரத் துரைமார்களையும் ஆங்கிலம் படித்த உத்தியோகஸ்தர்களையும் மனத்தில் வைத்து எழுதியதுதான். ஆனாலும், கடமை எதுவும் இல்லாமல் ஓர் ஊரைப் பார்ப்பதற்காகவே போகலாம் என்ற எண்ணம் அச்சேறியது அத்தகைய நூல்களில்தான். குடும்பம் முழுவதையும் கூட்டிக்கொண்டு அப்படிப் போவது நம்மவர்களுக்குப் பழக இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை முழுப் பரீட்சை லீவு என்றால் தாத்தா பாட்டி ஊர்தான்.

தஞ்சை நகராட்சி 1866-இல் அமைந்தது. ஐந்தாறு ஆண்டுக்குள், 1871–72-இல், பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைக் குளத்தைச் சுற்றி ஒரு மக்கள் பூங்காவை அமைத்தார்கள். கோயில், குளம், சின்னக் கோட்டை மதில் மூன்றும் சூழ்ந்த இடம். ஊர்ப் பிள்ளைகளும் வெளியூர்ப் பிள்ளைகளும் ஓடி விளையாட, சாமி கும்பிட வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் இடத்தை நகராட்சி கொடுத்தது என்பது சிறிய செய்தி அல்ல. படகு, குட்டி ரயில், குளத்தின் நடுத்தீவுக் கோயிலுக்குக் கம்பியில் ஊர்ந்து போகும் இழுவைப் பெட்டி என்று பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. டெல்டா மாவட்டத்தில் 1970-களிலும் 80-களிலும் பள்ளிச் சுற்றுலா போனவர்களைக் கேட்டால், கோயிலைவிட இந்தப் பூங்காவைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவார்கள்.

அந்தக் குளத்துக்கும் ஒரு கதை உண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லத் தகுந்த கதை. ஊருக்கு மேற்கே சேவப்ப நாயக்கர் பெயரில் ஓர் ஏரி இருந்தது. மழைநீர் அதில் தேங்கித் தெளிந்து சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து நிலத்தடியில் சுடுமண் குழாய்கள் வழியே அய்யன் குளத்துக்கும் மற்றக் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் போகும். கோட்டைக்குள் இருந்தவர்களுக்குக் குடிநீர் இதுவே. ஏரி வீடுகளாகிப் போனது. நீர்வழிகளில் சிலவற்றைச் சீர்செய்யும் வேலை அண்மை ஆண்டுகளில் நடந்தது. மின்சாரம் இல்லாமல் ஒரு நகரம் முழுவதற்கும் தண்ணீர் ஓடியது எப்படி என்று மேடு பள்ளத்தைக் காட்டிச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போதே பயணத்துக்கு ஏற்ற மாதத்தையும் சொல்லிவிடலாம். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. கல்லணைக் கால்வாயும் அந்தத் திட்டத்தோடு வந்தது. தஞ்சைக்காரர்கள் புது ஆறு என்று சொல்லும் அந்தக் கால்வாய் பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறது. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பார்கள். ஜனவரிக் கடைசியில் மூடுவார்கள். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வருகிற பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் மணல். கோயில் பிராகாரத்தின் கல்லும் அப்போது காலைச் சுட்டுவிடும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளே தஞ்சைக்கு ஏற்றவை. ஆற்றில் நீர், வயலில் பச்சை, வெயிலில் கொஞ்சம் இரக்கம் எல்லாம் அப்போதுதான் கிடைக்கும். ஐப்பசி சதயத்தில், பெரிய கோயிலைக் கட்டிய இராசராசனுக்குப் பிறந்தநாள் விழா எடுப்பார்கள். பிரதோஷ மாலைகளில் நந்தியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். கைக்குழந்தை இருந்தால் அந்த மாலையைத் தவிர்ப்பது நல்லது.

பெரிய கோயிலுக்குள் எல்லோருடைய பிள்ளைகளும் போக முடிந்தது எப்போது என்ற கேள்விக்கும் ஓர் ஆண்டு உண்டு: 1939. அந்த ஆண்டு ஜூலையில் மதுரை மீனாட்சி கோயில் ஆலயப் பிரவேசம் நடந்தது. சென்னை மாகாணம் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அதைத் தொடர்ந்து தஞ்சை அரண்மனை தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலரான ராஜாராம் ராஜா சாகேப், பெரிய கோயில் உள்ளிட்ட தம் பொறுப்பிலிருந்த கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்டார். கட்டி முடித்து 929 ஆண்டுகள் கழித்து! இன்று விடுமுறை நாளில் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பலரின் பாட்டன்மார் உள்ளே வர அனுமதி இல்லாதவர்களாக இருந்திருக்கலாம். தஞ்சை ஒரு குடும்பச் சுற்றுலா ஊரான வரலாற்றில் ரயில் வந்த 1861-ஐவிட இந்த 1939 பெரிய ஆண்டு.

கோயிலில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? நிழல் தரையில் விழாது, சிகரக் கல் ஒரே கல், எண்பது டன் என்றுதான் வழிகாட்டிகள் தொடங்குவார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது; மாலையில் பிள்ளையை நிறுத்திக் காட்டினால் தானே பார்த்துக்கொள்ளும். பொய்யான அதிசயம் எதுவும் இந்தக் கோயிலுக்குத் தேவையில்லை. 216 அடி விமானத்தைக் கருங்கல் மலை எதுவும் அருகில் இல்லாத சமவெளியில் எழுப்பியதே போதும். இராசராசனின் 25-ஆம் ஆட்சியாண்டில் 275-ஆம் நாள் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று நாள்கணக்கோடு கல்லில் இருக்கிறது. அது 1010-ஆம் ஆண்டு.

கல்வெட்டுகளில் பிள்ளைகளுக்குப் பிடித்த கணக்குகள் நிறைய. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஓர் எருமை தரும் நெய் அதிகம் என்பதை இந்த மூன்று எண்களிலிருந்து ஒரு பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். வெளிச்சுவரில், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியல் இருக்கிறது: எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கதவு எண்கள்! அந்தப் பெண்களின் ஆட்டத்தை நினைவூட்டும் கரணச் சிற்பங்கள் மேல்தளத்தில் 108-இல் 81 முடிந்த நிலையில் நிற்கின்றன. மிச்சம் 27-க்குக் கல் செதுக்கப்படாமலே கிடக்கிறது. கருவறையைச் சுற்றிய உள்ளறையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். இவை இரண்டையும் பொதுவாக நேரில் பார்க்க விடுவதில்லை, படங்களில்தான் பார்க்கலாம்.

விமானத்தின் வடபுறத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரன்போல ஓர் உருவம் இருக்கிறது. கண்டுபிடி பார்க்கலாம் என்று விட்டால் கால்மணி நேரம் பிள்ளைகள் அண்ணாந்தே நிற்பார்கள். இராசராசன் காலத்தது அல்ல, பிற்காலத் திருப்பணியில் சேர்ந்தது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். நந்தி நாயக்கர் காலத்தது. பிள்ளையார் சன்னதியில் சரபோஜியின் கை இருக்கிறது. மராட்டிய போன்ஸ்லே வம்சத்தின் கதை 1803-இல் மராத்தியில் சுவரில் வெட்டப்பட்டது. ஒரே வளாகத்தில் எத்தனை காலம் கலந்திருக்கிறது என்பதே பிள்ளைகளுக்கு இங்கே கிடைக்கும் பெரிய பாடம்.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் தஞ்சைக்குச் சுற்றுலாக் கூட்டம் வரத் தொடங்கியது. 1950-இலிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வன் அதற்குச் செய்த உதவி எந்த விளம்பரமும் செய்யாதது. கதை முடியும்போது பெரிய கோயில் இன்னும் கட்டப்படவே இல்லை. ஆனாலும் படித்தவர்கள் இராசராசனாகப் போகும் அருள்மொழியைத் தேடி இங்கேதான் வந்தார்கள். 1954-இல் ஆயிரம் ரூபாய்த் தாளில் கோயில் அச்சானது. 2022-இல் படம் வந்தபோது மறுபடியும் ஓர் அலை. இடையில் 1972-இல் இராசராசனுக்குச் சிலை வைத்தார்கள். தொல்லியல் துறை கோயிலுக்குள் வைக்க இணங்காததால் அது வெளியே நிற்கிறது.

1951 இறுதியில் அரண்மனையில் கலைக்கூடம் தொடங்கியது. அதற்கு முன்பே, 1918-இல், சரசுவதி மகால் நூலகம் அரண்மனைச் சொத்தாக இருந்த நிலை மாறிப் பொதுமக்களுக்கானது. ராணிகள் நடமாடிய இடத்தில் யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையலாம் என்று ஆனது. நண்பகலில் பெரிய கோயிலில் நடை சாத்திய பிறகு பிள்ளைகளை வெயிலில் அலைக்கழிக்காமல் இங்கே கொண்டுவந்து விடலாம். கெட்டிச் சுவர், உயர்ந்த கூரை, நிழல்.

கலைக்கூடத்தில் ஒரு செம்புச் சிலை. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனர். 1011-ஆம் ஆண்டது, அதாவது பெரிய கோயில் முடிந்த மறு ஆண்டு. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைத் தளர்வாக மடக்கி, வலது கையை எதன்மேலோ ஊன்றியபடி நிற்கிறார். ஊன்றிய இடத்தில் ஒன்றும் இல்லை. காளை தொலைந்துபோயிற்று. “கை எதுமேல இருக்கு?” என்று கேட்காத பிள்ளை கிடையாது. சோழச் செப்புத் திருமேனிகளில் இதைவிட அழகானது வேறில்லை என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வது சரிதான்.

அரண்மனைக் கோபுரம் ஒன்றில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கிடத்தப்பட்டிருக்கிறது. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. கடலிலிருந்து வெகுதூரத்தில், நெல்வயல்களுக்கு நடுவே ஒரு ராசாவின் மாடியில் திமிங்கிலம்! கொலு மண்டபத்தையும் ஆயுதங்களையும் மறந்துவிடும் பிள்ளைகள் இதை மறப்பதில்லை.

சரசுவதி மகாலின் சுவடி அறைகளுக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. முன்னே இருக்கும் காட்சிக்கூடம் போதும். பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ பிரான் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த படங்களின் அச்சுகள் அங்கே உண்டு: ஆந்தை முகம், அதற்குப் பக்கத்தில் ஆந்தைபோன்ற மனித முகம், சிங்கம், சிங்கம்போன்ற மனிதன். யார் யார் எந்த மிருகம்போல இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் குடும்பத்தையே அளந்துவிடுவார்கள். சீனத் தண்டனைப் படங்களும் அங்கே உண்டு. சிறு குழந்தைகளுக்கு அவை வேண்டாம். அரண்மனைக்குள் பகுதிக்குப் பகுதி தனிச் சீட்டு. நூலகத்தின் வார விடுமுறை புதன்கிழமை என்பார்கள். புறப்படுமுன் கேட்டு உறுதிசெய்வது நல்லது.

இந்த நூலகத்தை இவ்வளவு பெரிதாக்கிய சரபோஜியின் கதையைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். 1777-இல் பிறந்தவர். பத்து வயதில் மன்னர் துளஜாஜி தத்தெடுத்தார். துளஜாஜி இறந்ததும் அவருடைய சகோதரர் அமர்சிங் அரியணையைப் பிடித்துக்கொண்டு சிறுவனை அடைத்துவைத்தார்; படிக்கவும் விடவில்லை. தஞ்சையில் இருந்த கிறித்தவப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் கும்பெனிக்கு எழுதி எழுதித்தான் அவரை மீட்டார். 1793-இல் சென்னைக்குப் போன பிறகே ஒழுங்கான படிப்பு கிடைத்தது. படிப்பு மறுக்கப்பட்ட அந்தச் சிறுவன் 1798-இல் மன்னரானதும் பள்ளிக்கூடங்கள் வைத்தார். அரண்மனையில் 1805-இல் அச்சகம் நிறுவினார். அந்த அச்சகம் போட்ட முதல் நூல்களில் ஒன்று ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு. பிள்ளைகளுக்கான புத்தகம்!

பூங்காவுக்குப் பக்கத்தில் 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப்படுக்கையில் பாதிரியார், அவர் கையைப் பற்றியபடி சரபோஜி, பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் நிற்கிறார்கள். சரபோஜி பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன சிற்பம். கோயில், பூங்கா, தேவாலயம் மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் ஒரே மாலையில் அடங்கிவிடும்.

கடைத்தெருவில் தலையாட்டிப் பொம்மை. ராசா ராணி இணையின் அடிப்பாகம் கிண்ணம்போல் வளைந்து, உள்ளே களிமண் கனமாக இருக்கும், சாய்த்தால் எழுந்துவிடும். தனித்தனியே ஆடும் தலையும் உடலும் பாவாடையும் கொண்ட நடனப் பொம்மை இன்னொரு வகை. காகிதக் கூழிலும் மாவிலும் செய்து வெயிலில் காயவைத்து வண்ணம் பூசுகிறார்கள். 2008–09-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பொம்மை செய்யும் குடும்பங்கள் குறைந்துவருகின்றன. பிளாஸ்டிக்கில் வரும் போலிகளுக்குப் பதிலாக அவர்களிடம் வாங்கினால் அந்தக் காசு உரிய இடத்துக்குப் போகும். பலாமரத்தில் வீணை கடையும் பட்டறைகளில் கேட்டுக்கொண்டு நின்றால் சிலர் உள்ளே அழைத்துக் காட்டுவார்கள். வாய்க்கு, 1949-இலிருந்து இருக்கும் பாம்பே ஸ்வீட்ஸின் சந்திரகலா. 13 கிலோமீட்டரில் திருவையாறு போனால் பாசிப்பருப்பில் கிண்டும் அசோகா.

இத்தனையையும் எப்படி அடுக்குவது? இரண்டு இரவு, ஒன்றரை நாள் ஊருக்குள், அரைநாள் வெளியே. முதல் நாள் மாலை பெரிய கோயிலில் வெளிச்சம் மங்கும்வரை ஓடவிடுவது, மறுநாள் விடிந்ததும் வெறுங்காலுக்குக் கல் குளிர்ந்திருக்கும் வேளையில் கல்வெட்டும் சிற்பமும், வெயிலேறியதும் அரண்மனை, மதியம் தூக்கம், மாலை பூங்காவும் கடைத்தெருவும். மூன்றாம் நாள் காலை ஒரத்தநாடு, அல்லது கல்லணை, அல்லது தாராசுரம். மூன்றில் ஒன்று, ஒன்றே ஒன்று. தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறது என்பதால் சிறியவர்களின் வாக்கு அங்கேதான் விழும்.

ஆனால் இன்று பெரும்பாலான குடும்பங்கள் தஞ்சைக்குக் கொடுப்பது நண்பகலில் இரண்டு மணி நேரம். காலையில் திருநள்ளாறு, மாலையில் கும்பகோணம், நடுவே நவக்கிரகத் தலங்களில் நாலைந்து என்று வேனில் அடைத்துக்கொண்டுபோகும் பயணத்தில் பெரிய கோயில் ஒரு நிறுத்தம் ஆகிவிடுகிறது. கால் சுடுகிறது, பிள்ளை அழுகிறது, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நேர்த்திக்கடனுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சைக்கு என்று போகும்போது தஞ்சைக்கு மட்டும் போங்கள். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்களோ அங்கே நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள்.